வீட்டுத் தோட்டத்திற்கேற்ற பன்னீர் ரோஜா

கார்த்திகை, மார்கழி மாதங்களில் திருப்பதி, சித்தூர் நகரங்களின் சாலையோரங்களிலும் வாரச் சந்தைகளிலும் கறுப்புப் பைகளில் வளர்ந்த ரோஜாச் செடிகள் விற்பனைக்கு வருகின்றன. செடி இரண்டு சாண் உயரமே இருப்பினும் அதன் நுனியில் பெரிய மலர் ஒன்று விரிந்து நிற்கும். அதனைக் கண்டு விரும்பி வாங்குவோர் பலர். ஆனால் அடுத்து வரும் வைகாசி மாதம் முடிவதற்குள் அவற்றுள் பல செடிகள் பட்டுப்போகின்றன. எஞ்சி நிற்பவற்றுள் சில, மலரின் நிறமும் வடிவும் மாறி வேறொரு செடியாகவே ஆகிவிடுகின்றன. வாங்கியவர் தமக்குக் கைராசி இல்லை என்று வருந்துகிறார். அல்லது கடைக்குச் சென்று கடுமையான பூச்சி மருந்தொன்றை வாங்கித் தெளிக்கிறார். இவ்விரண்டுக்கும் தேவையில்லை. குறை வளர்ப்பவரின் கையில் இல்லை; இடத்திற்குப் பொருந்தாத செடியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

ரோஜா வளர்ப்பது பெரும் உழைப்பும் செலவும் வேண்டும் வேலை என்னும் எண்ணம் மக்களிடையே பரவியிருக்கிறது. காட்சிக்கு வைக்கப்படும் பெருமலர் வகைகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும், மூன்று அல்லது நான்கு அடி உயரத்தில் புதர்போல் அடங்கி வளர்ந்து, மணமுள்ள இளஞ்சிவப்பு மலர்களை ஆண்டில் பல முறை தந்து, வாரத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கவனிப்பு வேண்டாத ரோஜா ஒன்று தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வளர்ந்து வருகிறது. தமிழில் அதனைப் பன்னீர் ரோஜா என்பர். தோட்டக்கலையாளர் எட்வர்டு ரோஜா என்று வழங்குவர். அச்செடியின் இயல்பையும், சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஒரு குடும்பம் அதனை வளர்ப்பதற்குரிய முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரத்தின் இயல்பு

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் தனியே அமைந்தது. இவ்வட்டாரம் முழுவதும் ஒரே தட்பவெப்ப நிலையுடையது அன்று. திருப்பதி நகரம் சேஷாசல மலையின் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்தூர் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், மேற்கே பலமநேர், குப்பம் ஆகிய ஊர்கள் 650 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் அமைந்துள்ளன. ஆதலின் பலமநேரில் நன்கு வளரும் ஒரு செடி, மலையடிவாரத்துத் திருப்பதியில் வாடி நிற்பது வியப்பன்று. ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதியில் வெயில் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம்.

மழை இருமுறை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓரளவு மழையைத் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றும் அதனோடு வரும் வங்கக்கடற் புயல்களும் குறுகிய காலத்தில் மிகுந்த மழையைக் கொட்டுகின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதி நகரத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை அவ்வூரார் மறந்திரார். அதே ஊரில் கோடை வந்ததும் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றுவதும் உண்டு. எனவே இங்கு வளரும் ரோஜா, கடும் வெயிலையும் நீர்ப் பற்றாக்குறையையும் பொறுப்பதோடு, சில நாட்கள் தொடர்ந்து பெய்யும் மழையையும் தாங்க வேண்டும். நிலம் பெரும்பாலும் செம்மண். பல இடங்களில் சரளை கலந்து, ஆழம் குறைந்து, மக்குச்சத்தின்றி இருக்கிறது. கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களும் உள்ளன.

குளிர்நாட்டுச் செடி வெப்பநாட்டில்

ரோஜா இனத்தின் காட்டு வகைகள் யாவும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே தோன்றியவை. அவற்றுள் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளுக்கு உரியவை. குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வு கொள்வதும், வசந்தத்தில் துளிர்த்து ஒரு முறை மட்டும் பூப்பதும் அவற்றின் இயற்கை. ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்பு சீன ரோஜாவிடமிருந்து வந்தது. பூத்தலைத் தடுத்து நிறுத்தும் மரபணு ஒன்று சீன ரோஜாவில் பழுதுபட்டிருப்பதே அதற்குக் காரணம் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவை அடைந்த பின்னரே, இன்று நாம் காணும் தொடர்ந்து பூக்கும் வகைகள் உருவாயின.

நம் சமவெளியில் குளிர்காலம் ரோஜாவுக்கு ஓய்வுக் காலம் அன்று. அதுவே சிறந்த வளர்ச்சிக் காலம். கோடையே அதற்குச் சோதனைக் காலம். வெப்பம் மிகும்போது மொட்டு விரைந்து முதிர்கிறது. இதழ்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைகின்றன. இளஞ்சிவப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி வெப்பத்தில் குறைவாகவே உண்டாவதால் மலர் வெளுத்துத் தோன்றுகிறது. ஆகவே மே மாதத்தில் சிறுத்து வெளிறிய பூக்களைக் கண்டு செடிக்கு நோய் என்று கருத வேண்டுவதில்லை. அப்போது அதிக உரமிட்டுத் தூண்டுவது செடிக்குத் தீமையே செய்யும். மேலைநாட்டு நூல்கள் மார்ச்சு மாதத்தில் கவாத்துச் செய்யும்படி கூறுவது அந்நாடுகளின் குளிர்காலத்தை மனத்திற் கொண்டதாகும். அதனைத் திருப்பதியில் பின்பற்றினால், இளந்துளிர்கள் நேரே கோடை வெயிலில் சிக்கிக் கருகும்.

உழைப்புக் குறைந்த ரோஜா என்பதன் பொருள்

குறைந்த கவனிப்பில் வளரும் சிறு புதர் ரோஜாக்களை உருவாக்கும் முயற்சி மேலைநாடுகளில் நெடுநாட்களாக நடந்து வருகிறது. இங்கிலாந்தில் 1932ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஃபேரி' என்னும் இளஞ்சிவப்புச் சிறுமலர் வகை, பிரான்சின் மெய்யான் குடும்பத்தார் 1980களில் அளித்த 'பொனிக்கா', அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' ஆகியவை புகழ் பெற்றவை. நாக் அவுட் வகை கரும்புள்ளி நோயை நன்கு எதிர்த்து நின்றதால் கோடிக்கணக்கில் நடப்பட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சிலந்திப்பேன் பரப்பும் ரோஜாக் கொத்துத் துளிர் நோய் என்னும் நச்சுயிரி நோய்க்கு அவ்வகை எளிதில் இரையாயிற்று.

இதிலிருந்து தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. உழைப்புக் குறைவு என்பது செடியிடம் மட்டும் உள்ள குணம் அன்று. செடிக்கும் இடத்திற்கும் உள்ள பொருத்தம் அது. விஸ்கான்சின் மாநிலத்தின் உறைபனியைத் தாங்கும் செடி, திருப்பதியின் கத்திரி வெயிலையும் தாங்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இவ்வுண்மையை உணர்ந்தே நம் நாட்டு அறிஞர் சிலர் வெப்பத்திற்கேற்ற ரோஜாக்களை உருவாக்க முனைந்தனர். 1950ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற பி. பி. பால், கோதுமை ஆராய்ச்சிக்கிடையே ரோஜாவிலும் ஈடுபட்டார். மணமிக்க இளஞ்சிவப்பு 'ரோஸ் ஷர்பத்' (1962), கொத்தாகப் பூக்கும் 'டெல்லி பிரின்சஸ்' (1963) முதலிய வகைகள் அவருடையவை. ஆந்திரப் பிரதேசத்தில் இந்திய ஆட்சிப் பணியில் இருந்து பின்னர்க் கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவன், வங்காளத்துச் சதுப்பு நிலங்களிலும் இந்தியாவின் வேறு சில பகுதிகளிலும் இயற்கையாக வளரும் 'ரோசா கிளினோஃபில்லா' என்னும் காட்டு ரோஜாவைக் கலப்பினத்திற்குப் பயன்படுத்தினார். வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே பொறுக்கும் குணம் அதனிடம் இருப்பதே அதற்குக் காரணம். ஆயினும் இவ்வகைச் செடிகள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. எங்கும் எளிதில் கிடைப்பது பன்னீர் ரோஜாவே.

பன்னீர் ரோஜாவின் வரலாறு

ரோஜா தமிழகத்தின் தொன்மையான மலர் அன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களுள் அது இடம்பெறவில்லை. ஆந்திர மக்கள் அதனைக் குலாபி என்கின்றனர். பாரசீக மொழியில் 'குல்' என்றால் மலர். 'ஆப்' என்றால் நீர். பன்னீரைக் குறித்த சொல்லே தெலுங்கில் செடியின் பெயராயிற்று. தமிழிலும் அச்செடி பன்னீரோடு சேர்த்தே வழங்கப்படுவது ஒத்த செய்தியாகும்.

இந்துமாக்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவு முற்காலத்தில் போர்போன் எனப்பட்டது. அங்குள்ள பிரெஞ்சுக் குடியானவர்கள் தங்கள் நிலங்களுக்கு வேலியாக இருவகை ரோஜாக்களை நட்டனர். ஒன்று சீன ரோஜா. மற்றது இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் பூக்கும் டமாஸ்க் ரோஜா. இவ்விரண்டும் இயல்பாகக் கலந்து புதுச்செடி ஒன்று தோன்றியது. 1817ஆம் ஆண்டளவில் அத்தீவின் தாவரத் தோட்டத்திற்குப் பொறுப்பாயிருந்த பிரெயோன் என்பவர் அதனைக் கவனித்தார். அதன் விதைகள் பிரான்சுக்கு அனுப்பப்பட்டன. தீவில் 'ரோஸ் எடுவார்' என வழங்கிய அப்பெயரே இந்தியாவில் எட்வர்டு ரோஜா என்று திரிந்தது.

இச்செடியின் நற்குணங்கள் அதன் பெற்றோரிடமிருந்து வந்தவை. திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பைச் சீன ரோஜாவும், மணத்தை டமாஸ்க் ரோஜாவும் அளித்தன. வட இந்தியச் சமவெளிகளில் இச்செடியையே அடிச்செடியாக வைத்து அதன்மேல் பிற உயர்ந்த வகைகளை ஒட்டுக்கட்டுவது வழக்கம். பிற செடிகளைத் தாங்கும் வலிமை அதன் வேருக்கு உண்டு என்பதற்கு இதுவே சான்று.

அதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. தண்டில் முள் மிகுதி. மலர் பெரியதன்று, பறித்த மறுநாள் இதழ்கள் உதிரத் தொடங்கும். பூச்சாடியில் வைக்க அது பயன்படாது. மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளி காணும். கவாத்துச் செய்யாவிடில் ஐந்தடிக்கு மேல் வளர்ந்து கலைந்து தோன்றும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வெட்டிவிட்டால் நான்கடிக்குள் அடங்கும். இதனினும் சிறிய செடி வேண்டுவோர், சிறு மலர்களைக் கொத்தாகத் தரும் பட்டன் ரோஜாவைத் தொட்டியில் வளர்க்கலாம். அதற்கு மணம் குறைவு.

ஒட்டுச் செடியும் சொந்த வேர்ச் செடியும்

சந்தையில் வரும் பெருமலர்ச் செடிகள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். கீழே வலிய காட்டு ரோஜாவின் வேர் இருக்கும். மேலே விரும்பிய வகையின் கண் பொருத்தப்பட்டிருக்கும். கோடையில் மேற்பகுதி நலிவுற்றால், வேர்ச்செடி தன் அடியிலிருந்து சிம்புகளைக் கிளப்புகிறது. அவை விரைந்து வளர்ந்து மேற்செடியின் உணவை எடுத்துக்கொள்ள, ஒட்டப்பட்ட பகுதி மெல்ல மடிகிறது. "சிவப்பு ரோஜா வாங்கினோம், இப்போது ஏதோ வெள்ளைப் பூ பூக்கிறது" என்று மக்கள் கூறுவதன் காரணம் இதுவே.

ஏழு சிற்றிலைகள் இருந்தால் காட்டுச் செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று கூறும் வழக்கு நம்பத்தக்கதன்று. நல்ல வகைகளிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. ஒட்டுப்போட்ட கணுவுக்குக் கீழிருந்து கிளம்பும் தண்டு எதுவோ அதுவே வேர்ச் சிம்பு. மண்ணைச் சற்று விலக்கிப் பார்த்து, அதனைத் தோன்றிய இடத்தோடு பிய்த்தெடுக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் அது இரு கிளையாய்த் தழைக்கும்.

பன்னீர் ரோஜாவுக்கு இத்தொல்லை இல்லை. குச்சியை நட்டாலே வேர்விடும் செடியாதலால் வேரும் கிளையும் ஒன்றே. ஆடு மேய்ந்தாலும், கோடையில் மேற்பகுதி கருகினாலும், அடியிலிருந்து துளிர்ப்பது அதே பன்னீர் ரோஜாவாகவே இருக்கும். அண்டை வீட்டாரிடமிருந்து செலவின்றிக் குச்சியைப் பெறலாம் என்பது மற்றொரு நன்மை.

குச்சி நட்டு வளர்த்தல்

கவாத்துச் செய்யும்போது வெட்டியெறியும் தண்டுகளே நடுவதற்கு ஏற்றவை. பென்சில் பருமனும், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமும், மூன்று அல்லது நான்கு கணுக்களும் உள்ள முற்றிய குச்சிகளைத் தேர்ந்துகொள்க. அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்முனையைக் கணுவுக்குச் சற்று மேலேயும் வெட்டுக. நுனியில் ஓரிரண்டு இலைகள் மட்டும் இருக்கலாம். ஆற்று மணலும் செம்மண்ணும் சம அளவு கலந்து நிரப்பிய பையில் குச்சியின் மூன்றில் இரு பகுதி மண்ணுள் இருக்குமாறு நட்டு, நிழலில் வைத்து, மண் காயாமல் நீர் தெளிக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர்விடும். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்ப்பது சிறுவர் இயல்பு. அதனால் இளவேர் அறும். பையின் அடித்துளையில் வேர் தெரியும்வரை பொறுத்தல் வேண்டும்.

டிசம்பரில் நட்ட குச்சிகளைப் பிப்ரவரியில் நிலத்தில் மாற்றி நடுவது திருப்பதியில் ஏற்றதன்று. கோடை முழுவதும் அவற்றைச் சற்றுப் பெரிய பைகளில் அரைநிழலில் காத்து, மழை கண்டபின் ஜூலை முதல் நடுதல் நன்று. பலமநேர், குப்பம் பகுதிகளில் ஜூன் மழையோடு நடலாம்.

இடமும் குழியும்

நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடம் வேண்டும். காலை வெயில் படுவதும், பிற்பகலில் சுவர் அல்லது மரத்தின் நிழல் விழுவதும் ஆன கிழக்குப் புறம் இவ்வட்டாரத்திற்கு மிகப் பொருந்தும். மேற்குச் சுவரை ஒட்டி நட்டால் சுவரின் சூடு இரவிலும் செடியை வாட்டும். வேம்பு, தென்னை ஆகியவற்றின் வேர்ப்பரப்பைத் தவிர்க்க வேண்டும். முள்ளுள்ள செடியாதலால் குழந்தைகள் ஓடும் நடைவழிக்கு இரண்டடி தள்ளி நடுக.

குழி நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர், அஃதாவது ஒன்றரை அடி, இருக்கட்டும். இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டு, தோண்டிய மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு எரு 10 கிலோவும் வேப்பம் புண்ணாக்கு கால் கிலோவும் கலந்து நிரப்புக. செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி போதும். நவம்பர் மழையில் நீர் தேங்கும் தாழ்வான இடமாயின், நிலத்தை அரையடி உயர்த்தி மேட்டுப் பாத்தி அமைத்து நடுதல் இன்றியமையாதது. நீர் தேங்கிய மண்ணில் வேர்கள் காற்றின்றி அழுகும்.

பழைய கையேடுகள் கரையானைத் தடுக்கக் குழியில் பி.எச்.சி. அல்லது லிண்டேன் தூள் இடும்படி கூறும். இவற்றுள் முன்னது 1997ஆம் ஆண்டு முதலும், பின்னது 2013ஆம் ஆண்டு முதலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. பண்ணை அலுவலகங்களில் அக்கையேடுகள் இன்னும் இருக்குமாயின், அப்பகுதிகளை அடித்துவிடுதல் வேண்டும். வேப்பம் புண்ணாக்கும், மக்காத எருவைத் தவிர்ப்பதும் வீட்டுத் தோட்டத்திற்குப் போதுமானவை.

நீரும் மூடாக்கும்

நாள்தோறும் சிறிது நீர் ஊற்றுவதே பலரும் செய்வது. அது மண்ணின் மேற்பரப்பை மட்டும் நனைப்பதால் வேர்களும் மேலேயே பரவி, ஒரு நாள் நீர் தவறினாலும் செடி வாடுகிறது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடம் நீரை மெல்ல ஊற்றினால் நீர் ஆழத்தில் இறங்கும். வேரும் அதனைத் தொடர்ந்து இறங்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் இருப்பின் அன்று நீர் ஊற்ற வேண்டாம்.

மூடாக்கு இவ்வட்டாரத்தில் இலவசமாகக் கிடைக்கும் செல்வம். நிலக்கடலை ஓடு, கரும்புச் சோகை, உதிர்ந்த மாவிலை ஆகியவற்றுள் எது கிடைப்பினும் மூன்று அங்குலக் கனத்திற்குச் செடியைச் சுற்றிப் பரப்பலாம். அது மண்ணின் ஈரத்தைக் காக்கும், சூட்டைத் தணிக்கும், களையைத் தடுக்கும், மக்கி எருவாகும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புக. தண்டை ஒட்டியிருந்தால் கரையானும் அழுகலும் சேரும்.

அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம். சோப்பு கலந்த நீர் ஆகாது. இப்போது பல வீடுகளில் குடிநீர் வடிப்பு எந்திரங்கள் உள்ளன. அவை வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமின்றிச் செடிகளுக்கு விடுகின்றனர். கிணற்று நீரின் உப்புகள் திரண்டு நிற்பது அந்நீரிலேயாகும். ரோஜா உப்பைப் பொறுக்கும் ஆற்றல் குறைந்த செடி. சில மாதங்களில் இலைவிளிம்பு கருகத் தொடங்கும். அந்நீரைத் தரை கழுவப் பயன்படுத்துக. உவர் நிலத்தில் நரம்புகள் பசுமையாயிருக்க இலை மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். தொழு எருவும் மக்கும் மிகுதியாக இடுவதே நிலையான மருந்து.

கவாத்தும் எருவும்

ஆண்டுக்கு ஒரு பெருங்கவாத்தும் ஒரு சிறு கவாத்தும் போதும். வடகிழக்கு மழை தணிந்த பின், நவம்பர் இறுதியில் அல்லது டிசம்பர் முதல் வாரத்தில், பெருங்கவாத்துச் செய்க. கொட்டும் மழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியே பூசணம் புகுந்து நுனிக்கருகல் நோய் உண்டாகும். பட்ட கிளைகளையும், ஒன்றையொன்று உராயும் கிளைகளையும் அடியோடு நீக்கி, எஞ்சிய தண்டுகளைப் பாதியளவு குறைக்க வேண்டும். வெளிப்புறம் நோக்கிய கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே கூரிய கத்தரியால் வெட்டுக. பருத்த வெட்டுவாய்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை பூசுக.

கவாத்து முடிந்த ஆறு அல்லது ஏழு வாரங்களில் முதற்பூக்கள் வரும். டிசம்பர் முதல் நாள் வெட்டிய செடி சங்கராந்தியை ஒட்டிப் பூக்கும். கோடை கழிந்த ஜூலையில் நுனிகளைக் கால்பங்கு குறைப்பது சிறு கவாத்து. இவ்விரு முறையும் செடிக்கு 5 கிலோ தொழு எருவும், இரண்டு கையளவு கடலைப் புண்ணாக்கும் இட்டு மண்ணைக் கிளறி நீர் பாய்ச்சுக. மார்ச்சு முதல் ஜூன் வரை எவ்வுரமும் வேண்டாம். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளி நீக்குதல் மறவாது செய்யத் தக்கது. காய் பிடித்த கிளை புதுத்துளிர் விடுவதில் தாமதிக்கும்.

நோயும் பூச்சியும்

வீட்டுத் தோட்டத்து ரோஜா குழந்தைகள் விளையாடும் இடத்தில் நிற்கிறது. அதன் மலர் தலையில் சூடப்படுகிறது. இதழ் சில வேளைகளில் உண்ணவும் படுகிறது. ஆதலின் வயலுக்குரிய நஞ்சுகள் இங்கு நுழையவே கூடாது என்பதைக் கள அலுவலர்கள் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

கரும்புள்ளி நோயின் வித்துக்கள் முளைத்து இலையினுள் புக, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மாலையில் இலைமேல் நீர் தெளித்தால் அந்த ஏழு மணி நேரத்தை நாமே அளித்தவராவோம். காலையில், வேரடியில் மட்டும் நீர் விட்டால் நோயில் பெரும்பகுதி தானே தடைப்படும். புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துக. மழைக்காலத்தில் பன்னீர் ரோஜா சில இலைகளை இழந்தாலும், மழை நின்றதும் மீண்டும் தழைக்கும், அச்சம் வேண்டாம். குளிர்ந்த இரவுகளில் வரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். கோடையில் அது இலையைக் கருக்கும்.

வெயிற்காலத்தில் செஞ்சிலந்தியும் இலைப்பேனும் தோன்றும். காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீச்சினால் செஞ்சிலந்தி குறையும். வெயில் ஏறுமுன் இலை உலர்ந்துவிடும். இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வேப்பங்கொட்டைச் சாறு ஏற்றது. 50 கிராம் வேப்பம்பருப்பைப் பொடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே தெளிக்க வேண்டும். தண்டில் படியும் செதில் பூச்சியைச் சோப்பு நீரில் நனைத்த பழந்துணியால் தேய்த்து எடுக்கலாம். அசுவினி கண்ட இடத்தில் பொறிவண்டும் காணப்படின் ஒரு வாரம் பொறுத்திருப்பதே நல்ல மருத்துவம்.

மலரின் பயன்

திருமலையில் மலர் யாவும் இறைவனுக்கே உரியன என்பது மரபு. மலையேறுவோர் தலையில் பூச்சூடுவதில்லை. மலையடிவாரத்து ஊர்களிலோ பூசைக்கும் கூந்தலுக்கும் நாள்தோறும் மலர் வேண்டப்படுகிறது. பண்டிகை நாட்களில் உதிரிப்பூவின் விலை ஏறும்போது எளிய குடும்பம் ஒன்று பூவுக்கென ஒதுக்கும் தொகை சிறிதன்று. வீட்டில் மூன்று அல்லது நான்கு செடிகள் இருப்பின் இரண்டாம் ஆண்டிலிருந்து பூசைக்குரிய மலர் பெரும்பாலான நாட்களில் கிடைக்கும்.

வெயில் ஏறுமுன் பறித்தல் வேண்டும். மணம் தரும் எண்ணெய் வெயிலில் ஆவியாகிவிடும். நஞ்சு தெளியாத செடியின் இதழ்களைச் சர்க்கரையோடு அடுக்கடுக்காகக் கண்ணாடிச் சாடியில் இட்டு, சில வாரம் வெயிலில் வைத்தால் குல்கந்து கிடைக்கும். கடையில் வாங்கிய பூவில் இதனைச் செய்தல் ஆகாது. அதில் என்ன தெளிக்கப்பட்டது என்பதை அறிய வழியில்லை.

ஆசிரியர்களும் கள அலுவலர்களும் செய்யத்தக்கவை

பள்ளித் தோட்டத்தில் மூடாக்கின் பயனை எளிதில் காட்டலாம். ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் சம எடை ஈரமண் நிரப்பி, ஒன்றில் மட்டும் நிலக்கடலை ஓட்டைப் பரப்பி, இரண்டையும் வெயிலில் வைத்து ஒரு வாரம் நாள்தோறும் எடையிட்டுக் குறிக்கச் செய்க. குறைந்த எடை ஆவியாய்ப் போன நீரின் எடையாகும். மாணவர் தம் கண்ணால் கண்ட எண்ணைத் தம் வீட்டில் சொல்லும்போது அது துண்டு வெளியீட்டைவிட வலிமை பெறும். டிசம்பரில் வகுப்பில் நட்ட குச்சிகளை அடுத்த ஜூலையில் ஆளுக்கொன்றாக வீட்டிற்குக் கொடுத்தனுப்பலாம். செலவு மணலுக்கும் பைக்கும் மட்டுமே.

கள அலுவலர்கள் ஒரு வீட்டிற்குச் செல்லுங்கால் நான்கு கேள்விகளை முதலில் கேட்பது நன்று. செடி ஒட்டா, குச்சியா? பிற்பகல் வெயில் எங்கிருந்து விழுகிறது? எந்த நீர், எப்போது ஊற்றப்படுகிறது? கவாத்து எந்த மாதத்தில் நடந்தது? பட்டுப்போகும் ரோஜாக்களுள் பலவற்றின் காரணம் இந்நான்கினுள் அடங்கிவிடும். ஐயம் எஞ்சுமாயின், மருந்து வாங்கச் சொல்லுமுன், நோயுற்ற இலையையும் மண்ணையும் திருப்பதியிலுள்ள வேளாண்மைக் கல்லூரி போன்ற ஆராய்ச்சி நிலையங்களில் காட்டிக் கேட்பதே முறை.

நீர் அரிதாகிவரும் ஒரு வட்டாரத்தில் மலர்ச்செடி வளர்ப்பது வீண் ஆடம்பரம் என்று சிலர் கருதலாம். வாரத்திற்கு இரண்டு மூன்று குடம் நீரும், கழித்தெறியும் கடலை ஓடும், வெட்டியெறியும் குச்சியும் கொண்டு வளர்வதாயின் அது ஆடம்பரம் ஆகாது. சந்தையில் பெரிய பூவைக் காட்டி நிற்கும் செடியைவிட, அண்டை வீட்டு வேலியில் பத்துக் கோடையைக் கண்டு நிற்கும் செடியே நம்பத்தக்கது. அதிலிருந்து ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி நடுவதே இவ்வட்டாரத்தில் ரோஜா வளர்ப்போர் செய்யவேண்டிய முதற்பணியாகும்.